வெளியே வந்த பிறகு

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் அப்பாவும் சுகமா? அப்பாவின் கண் ஆபரேஷன் நாள் குறித்தாகிவிட்டதா? இங்கே எங்களுக்குக் குறையில்லை. உன் மருமகள் வாலுக்கு முன்பல் விழுந்துவிட்டது. இப்போது யார் பெயரைச் சொன்னாலும் காற்றுதான் வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று அதை ரசிக்கிறாள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். இந்தக் குவார்ட்டர்ஸ் சுவர் உனக்குத் தெரியாததல்ல. சமையலறையில் முணுமுணுத்தால் கூடத்தில் பதில் வரும்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் இவருடைய பிரிவை உன் பயிற்சி மையத்துக்கு அனுப்புகிறார்கள். "மச்சான்கிட்ட போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வரணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஹெலிகாப்டர் ஓட்ட ஆரம்பித்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது, தண்ணீர்ப் பயிற்சி அவருக்குப் பழகிப்போன சடங்கு. ஒரு பொய் ஹெலிகாப்டரில் உட்கார வைத்து வெதுவெதுப்பான குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள், வெளியே வந்தால் டீ, சர்ட்டிபிகேட்.

ஆனால் கீழ்வீட்டுக்காரி வேறு மாதிரி சொல்கிறாள். அவள் கணவர்தான் இவருடைய ஹெலிகாப்டரில் விஞ்ச்காரர். கடலில் தத்தளிப்பவர்களைக் கயிற்றில் தூக்குகிறவர். அவர் போன மாதமே உன்னிடம் வந்துவிட்டுப் போனாராம். "எல்லாத்தையும் மாத்திட்டாங்க. ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல அவருக்கு" என்றாள்.

நான் எதுவும் கேட்கவில்லை, அண்ணா. எல்லோரையும் போல அவரையும் நடத்து. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன் தங்கை

---

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பார்த்தேன். அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒட்டடையிலயா நான் இருந்தேன்?" என்று கேட்டார். உன் அண்ணி அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

கீழ்வீட்டுக்காரி சொன்னது சரி. ஏன் மாற்றினேன் என்று உனக்குத் தெரிந்தால் நல்லது.

போன வருஷம் கடலில் ஒரு ஹெலிகாப்டர் மூழ்கியது நினைவிருக்கும். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இந்தக் குளத்தில் தேறியவர்கள். வந்ததும் முதல் வேலையாக, அவர்களின் உடல்களை வெளியே எடுத்த முக்குளிப்பவரைத் தேடிப்போய்ப் பேசினேன். இரண்டு பேர் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் போயிருக்கிறார்கள். கையுறை நுனி கிழியும் அளவுக்குச் சுவரைத் தேய்த்திருக்கிறார்கள். "கைப்பிடியே இல்லாத இடத்துல எதுக்கு சார் தேய்ச்சாங்க?" என்று அவர் என்னைக் கேட்டார்.

திரும்பி வந்து, நாங்கள் கூண்டு என்று சொல்லும் அந்தப் பொய் ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் கூண்டில் ஜன்னலைத் திறக்கும் கைப்பிடி அவர்கள் தேய்த்த இடத்தில்தான் இருந்தது. நிஜத்தில் அது ஒரு சாண் கீழே. கூண்டு பழைய ரகத்துக்குச் செய்தது. ஹெலிகாப்டரை மாற்றியவர்கள் கூண்டை மாற்றவில்லை. இறந்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

கூண்டின் சுவரை அறுத்துக் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். குளத்து ஹீட்டரை நிறுத்தினேன், விளக்கை அணைத்தேன். பறக்கும்போது போடும் உடுப்பு முழுவதும் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஒரு ஜன்னல் திறக்காது. எது என்று சொல்ல மாட்டேன். மேலதிகாரி கூப்பிட்டு, "இதுவரைக்கும் யாரும் ஃபெயில் ஆனதில்லையேப்பா" என்றார். "அதான் சார் கவலையா இருக்கு" என்றேன்.

மாப்பிள்ளை வரட்டும். வீட்டில் அவருக்கு ராஜ உபசாரம் உண்டு. குளத்தில் கிடையாது.

வாலின் கன்னத்தில் என் சார்பாக ஒன்று கொடு.

உன் அண்ணன்

---

ஜூலை 18

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் மாப்பிள்ளை வீடு வந்து சேர்ந்திருப்பார். அவர் தேறவில்லை. கையெழுத்துப் போட மறுத்தது நான்தான். வேறு யாரோ என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மறுபடி பயிற்சிக்கு வந்து தேறும்வரை அவர் பறக்க முடியாது. என்ன நடந்தது என்பதை நான் சொல்வது முறையல்ல. குளத்தில் நடப்பதை யாருடைய வீட்டுக்கும் நான் எழுதியதில்லை. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் துருவாதே.

சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அண்ணி இலை மாதிரி மெல்லிசாக வெட்டி வைத்த வெங்காயம் எல்லாம் அப்படியே இருந்தது. அப்பா ஏன் என்று கேட்டார். அவசர வேலை என்றேன்.

பதில் போடு.

உன் அண்ணன்

---

ஜூலை 29

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முறை, முறையல்ல என்று நியாயம் பேச உனக்கு வருகிறது. இங்கே ஒரு மனுஷர் ஓடாத ஃபேனைக் கழற்றித் துடைக்கிறார், சொட்டாத குழாயை மாற்றுகிறார். ஆபீசில் அவருக்கு மேஜை வேலை கொடுத்திருக்கிறார்கள். எழுந்து நிற்க வேண்டிய பையன்கள் எல்லாம் அவரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்களாம், அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று. அந்த இரக்கம்தான் அவரைக் கொல்கிறது.

முந்தாநாள் தட்டில் கை வைத்தபடியே கேட்டார்: "நீ சொல்லித்தானே உங்கண்ணன் இப்படிப் பண்ணாரு?"

இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவினார்.

ஊர் உலகத்தில் யாரும் தேறாத பரீட்சையை உண்டாக்கி, அதில் தோற்கிற ஆளாக என் புருஷனைத்தான் நிறுத்தினாயா? என்னதான் நடந்தது? தங்கை வீட்டுக்காரர் என்று சலுகை காட்டக் கூடாது என்பதற்காகவே ஒரு பிடி அதிகமாக அழுத்தினாயா? அதையாவது சொல்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 11

அன்புத் தங்கைக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். தெரு முனைவரை தனியாக நடந்து போய், கடைப்பலகையில் இருக்கும் எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு வருகிறார்.

நீ கோபப்பட்டது தப்பில்லை. ஆனால் அதிகமாக அழுத்தவில்லை. எல்லோருக்கும் வைத்ததையே அவருக்கும் வைத்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தப் பயிற்சியில் அதிகம் தடுமாறுவது புதுசுகள் அல்ல, நன்றாகப் பழகியவர்கள். இருட்டில், மூக்கில் தண்ணீர் ஏறும்போது, கை நாம் சொல்வதைக் கேட்காது. வருஷக்கணக்காகப் போன இடத்துக்கே போகும். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு, கூண்டில் உட்கார வைக்கிறேன்.

மற்றதை எழுத மாட்டேன்.

அவர் தனியாக வர விரும்பினால் வரட்டும். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பு குளம் சும்மாதான் இருக்கும். நானும் ஒரு முக்குளிப்பவரும் மட்டும் இருப்போம். இதை நான் அவருக்கு எழுதினால் கிழித்துப் போடுவார். நீ எப்படிச் சொல்வாயோ.

அண்ணி உன்னைக் கேட்டாள்.

உன் அண்ணன்

---

செப்டம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் "எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வாலின் கையில் கொடுத்துவிடுகிறாய். அவள் பேசுவதில் பாதி காற்று. மீதியில் "அப்பா வீட்லயே இருக்காங்க, ஜாலி" என்கிறாள்.

இங்கும் நெருக்கடிதான். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் தடவையில் தேறுவதில்லை. ஆள் பற்றாக்குறை, பழையபடி மாற்றிவிடு என்று மேலிருந்து நெருக்குகிறார்கள். போன வாரம் ஒரு பெரிய அதிகாரியே வந்து, குளத்தங்கரையில் கை கட்டிக்கொண்டு நின்றார். நான் வாய் தவறி, "ஒரு தடவை உட்கார்ந்து பாக்குறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் வாட்சைக் கழற்றி உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். வெளியே வந்து குடித்த தண்ணீரை எல்லாம் கக்கினார். மூச்சு வந்ததும், "அந்த ஹீட்டரையாவது போட்டுத் தொலையேன்" என்றார். போடவில்லை. அவரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

இதைச் சிரிப்பதற்காக எழுதினேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ திட்டியாவது எழுது.

உன் அண்ணன்

---

அக்டோபர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் வாலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் குதித்துக்கொண்டு ஓடியதும், நகவெட்டியைக் கையில் வைத்தபடியே குளத்தில் நடந்ததைச் சொன்னார். நான் கேட்கவில்லை.

அவர் பக்கத்து ஜன்னல் திறக்கவில்லை. அந்த நிமிஷத்தில், கற்றுக்கொண்டது எதுவுமே நினைவுக்கு வரவில்லையாம். பக்கத்தில் இருந்த ஜூனியர் பைலட் வேறு ஜன்னலைக் கண்டுபிடித்துப் பாதி வெளியே போய்விட்டான். இவர் அவன் காலைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். "இழுத்தேன்னுகூடத் தெரியல. ஏதோ கையில கிடைச்சுது, விடல." முக்குளிப்பவர்கள் வந்துதான் பிரித்தார்களாம்.

கரை ஏறியதும் அந்தப் பையன் இருமிக்கொண்டே இவருக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து, "பரவால்ல சார்" என்றானாம். அந்த "பரவால்ல சார்" இவருக்குச் செரிக்கவே இல்லை.

"உங்கண்ணன் யார்கிட்டயும் சொல்லலைல்ல?" என்று கேட்டார். "என்கிட்டகூடச் சொல்லல. நான் எழுதிச் சண்டை போட்டும் சொல்லல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இப்போது என் கதை. அவர் தேறவில்லை என்று உன் கடிதம் வந்த அன்று, அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது வருத்தம் இல்லை, அண்ணா. ஒரு பெருமூச்சு. கல்யாணமானதிலிருந்து, வானத்தில் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடும், சாம்பார் கிளறினாலும் சரி, வாலுக்குத் தலை பின்னினாலும் சரி. அன்று சாயங்காலம் சத்தம் கேட்டது, கை நிற்கவில்லை. அது அவராக இருக்க முடியாது.

"நீ சொல்லித்தானே" என்று அவர் கேட்டபோது வாய் இல்லை என்றது. முகம் என்ன சொன்னதோ. நான் உன்னிடம் சொல்லவில்லைதான், ஆனால் மனசுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்டது கிடைத்ததும் உன்மேலேயே பாய்ந்தேன். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு உன்னிடம் வருகிறார். போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பையில் துணி எடுத்து வைத்திருக்கிறேன். கம்பளி உள்சட்டை அடியில் இருக்கிறது, அவர் தேட மாட்டார், நீதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை

---

நவம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை விடிந்ததும் குளத்துக்கு வந்துவிடுவார். முதல் வாரம் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை "ரெடி". வீட்டுக்கு வந்தால் என் சாப்பாட்டு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, இல்லாத பெல்ட்டைக் கழற்றி, இல்லாத கைப்பிடியைத் தேடுவார். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு, காத்தைத் துழாவுறாரு? என் டாக்டர்கிட்ட வேணா காட்டலாமா?" என்றார். இவர் காதில் விழுந்துவிட்டது. அன்றுதான் இந்த வீட்டில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்த ஜூனியர் பைலட்டையே பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று அவராகத்தான் கேட்டார். பையனும் வந்தான். கூண்டு கவிழ்ந்தது. இவர் பக்கத்து ஜன்னலைத்தான் அடைத்து வைத்திருந்தேன். கை சரியான இடத்துக்குப் போயிற்று, இழுத்துப் பார்த்தது, நின்றது. பையன் தோளைத் தட்டி முன்னால் போகச் சொன்னார். அவன் போகும்வரை அசையாமல் இருந்து, அவன் போன வழியே வந்தார். எங்கள் முக்குளிப்பவர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போடுமுன் உன் பெருமூச்சு ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று நான் சொல்லியிருந்தால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நினைத்துப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும். நீ என்னைக் கேட்காமல் இருந்தாயே, அது பெரிய உதவி.

உன் அண்ணன்

---

நவம்பர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. திங்களிலிருந்து பறக்கிறார். வாலுக்குப் புதுப் பல் முளைத்திருக்கிறது, கொஞ்சம் கோணல்.

எழுத வேறொன்றும் இல்லை. அப்பாவைக் குளிரில் வெளியே விடாதே.

உன் தங்கை

---

ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளையின் காய்ச்சல் விட்டதா? விரல்கள் எப்படி இருக்கின்றன? சூடு ஏற ஏறத்தான் வலி அதிகமாகும், பயப்படாதே. நீ சாப்பிடுகிறாயா?

அன்று மத்தியானம் மாப்பிள்ளையின் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது என்று சேதி வந்தபோது குளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு, மூழ்குவதற்கு முன்பே நான்கு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், ரப்பர் படகில் ஏறிவிட்டார்கள் என்று மேலேயிருந்து பார்த்த இன்னொரு ஹெலிகாப்டர் சொல்லியிருக்கிறது. மேலதிகாரி ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பயிற்சிக்கு வந்திருந்த பையன்கள் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

மீட்புப் படகு போய்ச் சேர்ந்து, கீழ்வீட்டு விஞ்ச்காரர் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது சாயங்காலம்தான். அதற்குள் கைதட்டல் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டேன்.

வெளியே வந்தவர் எப்படிப் போனார்? அறிக்கையில் "குளிர், விலா எலும்பு முறிவு" என்று மட்டும் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இப்போது கேட்காதே. கீழ்வீட்டம்மா எப்படி இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன்

---

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. கட்டைவிரலும் அடுத்த விரலும் இன்னும் முழுசாக மடங்கவில்லை. வால்தான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். தப்பாகப் போட்டுவிட்டு ஃபாஷன் என்கிறாள்.

கீழ்வீட்டுக்காரி வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள். "வெளிய வந்துட்டாருன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி?" விதி என்றார்கள், தைரியமாக இரு என்றார்கள். நான் அவள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் ஆள் திரும்பி வந்துவிட்டார், அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இவர் அவள் வாசலைக் கடக்க வேண்டும் என்பதால் படி இறங்கவே இல்லை. போன புதன்கிழமை தானாக இறங்கினார். நானும் பின்னால் போனேன். அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "கடைசியா என்ன பேசுனாரு?" என்று மட்டும் கேட்டாள். "உங்க தையல் மிஷினுக்கு பெல்ட் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார். அவள் எழுந்து போய் அந்த மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நேற்று என்னைக் கூப்பிட்டார். "உங்கண்ணனுக்கு எழுதணும். என் விரல் சரியில்ல. நான் சொல்றேன், நீ எழுது. அவர் மனசு நோகும்னு எதையும் குறைச்சு எழுதாத." அவர் சொன்னது இது:

"மச்சான், கூண்டுல கத்துக்கிட்டது அப்படியே வேலை செஞ்சுது. கை நேரா கைப்பிடிக்குப் போச்சு. நாலு பேரும் வந்துட்டோம். விஞ்ச்காரருக்கு விழுந்த வேகத்துல விலாவுல அடி, நனைஞ்சு வெலவெலத்துப் போயிருந்தாரு. படகுமேல இழுத்து மூடுற அந்தத் துணியை மூடிட்டா உள்ள சூடு நிக்கும். அதுக்கு மெல்லிசா ஒரு கயிறு. சின்ன வளையத்துக்குள்ள கோத்து முடிச்சுப் போடணும். கையுறையோட முடியல. கழட்டினேன், விரல் செத்துப் போச்சு. பல்லால இழுத்தோம். காத்து துணியைப் பிடுங்கிட்டே இருந்துச்சு. அலை உள்ள வந்துட்டே இருந்துச்சு. அவரை நடுவுல வச்சு மூணு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம். பேசிட்டே இருந்தாரு. அப்புறம் 'ம்' மட்டும் சொன்னாரு. அப்புறம் அதுவும் இல்ல. மீட்புப் படகு வந்தப்ப வெளிச்சம்கூடப் போகல.

"உங்க குளத்துல ரப்பர் படகுல ஏறுனதும் பயிற்சி முடிஞ்சுது. ஜோக் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தத் துணியை ஒருத்தரும் மூடிப் பாக்கல. வெளிய வரச் சொல்லிக் கொடுத்தீங்க. வந்தப்புறம் என்ன பண்றதுன்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. அந்தக் கயிறு வேண்டாம். முஷ்டியாலேயே மாட்டுற மாதிரி பெரிய கட்டையும் பெரிய வளையமும் வைக்கச் சொல்லுங்க. குளத்துல வேண்டாம், காத்தடிக்கிற ஏரியில வச்சு, முதல்ல கையை ஐஸ் தண்ணியில முக்கிட்டு மூடச் சொல்லுங்க. முடியலன்னா கையெழுத்துப் போடாதீங்க. யாரா இருந்தாலும்."

அவ்வளவுதான் சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். சரி என்றார்.

விரல் சரியானதும் மறுபடி பறக்கப் போகிறார். இந்தத் தடவை நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அவரிடமே சொன்னேன். "பறக்காதீங்கன்னு சொல்லல. எனக்குப் பயமா இருக்கு, அதை மட்டும் சொல்றேன்." "எனக்கும்தான்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் கேட்டாலும் கேட்கட்டும் என்றுதான்.

கீழ்வீட்டுக்காரிக்கு நீ கடிதம் எழுத வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் நேரில் வா.

எனக்குப் பதில் போடவும் அவசரப்படாதே. முதலில் அந்தக் கயிற்றைப் பார்.

உன் தங்கை